பத்தாயிரம் மணி நேரமும் பதினோரு மாத ஒப்பந்தமும்

தலைப்பு ஒரே ஒரு சொல்லாக இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில், மூச்சுப் பிடித்துப் படிக்க வேண்டிய நீளத்தில் ஒரு துணைத்தலைப்பு. வெள்ளை அட்டையின் நடுவில் அனாதையாக ஒரு தீக்குச்சியோ பென்சிலோ கிடக்கும். முதல் அத்தியாயத்தில், நாம் கேள்விப்படாத ஊரில் யாரோ ஒருவர் காலைக் காபி குடித்துக்கொண்டிருப்பார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மனித மூளையைப் பற்றி நமக்கு ஒரு விதி கிடைத்துவிடும். விளையாட்டு, பாட்டு, சினிமா, மனோதத்துவம் என்று பொருள் எதுவானாலும் இந்த வகைப் புத்தகங்களின் லட்சணம் இதுதான். எனக்கு இவற்றின் மேல் தீராத பைத்தியம். பக்கத்து அறையில் மாமியார் யூடியூபில் கதாகாலட்சேபம் கேட்பார். இந்தப் பக்கம் நான் மால்கம் கிளாட்வெல் படிப்பேன். அங்கே குட்டிக்கதை, நடுவில் பாட்டு, கடைசியில் நீதி. இங்கே குட்டிக்கதை, நடுவில் புள்ளிவிவரம், கடைசியில் நீதி. என்ன, சுண்டல் தருவதில்லை.

கிளாட்வெல்லின் ‘அவுட்லயர்ஸ்’ 2008-ல் வந்தது. எந்த வித்தையிலும் கரை காண 10,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று அதைப் படித்தவர்கள் சொன்னார்கள். படிக்காதவர்கள் இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். சாட்சிக்கு வந்தவர்கள் பீட்டில்ஸ். புகழ் வருவதற்கு முன்னால், 1960-லிருந்து 1962 வரை, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கிளப்புகளில் விடிய விடிய வாசித்துத் தள்ளியவர்கள் அவர்கள்.

எனக்கு இந்தக் கணக்கில் சொந்த அக்கறை உண்டு. எங்கள் வீட்டுக்காரர் மாடியில் குடியிருக்கிறார். அவருடைய பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், சரியாக என் நாற்காலிக்கு நேர் மேலே. 10,000 மணி நேரம் ஆவதற்கு எவ்வளவு காலம் என்று வகுத்துப் பார்த்தேன். 27 வருஷம் வந்தது. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 11 மாதம் என்று போட்டிருந்தது. ஆக, அவன் வித்வானான பிறகு வாசிப்பதைக் கேட்க எனக்குக் கொடுப்பினை இல்லை.

அப்புறம்தான் ‘பீக்’ என்ற புத்தகம் கைக்கு வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஆண்டர்ஸ் எரிக்சன். பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை வைத்து 1993-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் கிளாட்வெல் அந்த எண்ணை எடுத்தார். எரிக்சனோ, ‘ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்கிறார். 10,000 என்பது இருபது வயதில் சிறந்த மாணவர்களின் சராசரி. அவர்களிலேயே பாதிப் பேர் அந்த எண்ணைத் தொடவில்லை. எத்தனை மணி நேரம் என்பதைவிட எப்படிப்பட்ட பயிற்சி என்பதுதான் விஷயம். பீட்டில்ஸ் ஹாம்பர்க்கில் வாசித்ததும் மொத்தம் 1,100 மணி நேரம் பக்கம்தான் தேறுகிறதாம். மறுபடி வகுத்தேன். மாடிப் பையனுக்கு மூன்று வருஷம். ஒப்பந்தத்தை மூன்று முறை புதுப்பித்தால் அரங்கேற்றத்தையே பார்த்துவிடலாம்.

இதை மனைவியிடம் சொன்னபோது, “ரெண்டு பேரும் முதல்லயே பேசி வச்சுக்கிட்டு ஒரே புத்தகமா போட்டிருக்கலாமேங்க” என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் அப்படிப் போட்டால் புத்தகக் கடைக்காரர்கள் எப்படிப் பிழைப்பது?

அதே ‘அவுட்லயர்ஸ்’ புத்தகத்தில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வருகிறது. அங்கே சிறுவர்களை வயதுவாரியாகப் பிரிக்க ஜனவரி 1-ஐக் கோடாக வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவன், அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். ஆள் வாட்டசாட்டமாக இருப்பதால் அவனுக்குத்தான் அணியில் இடம், நல்ல கோச், கூடுதல் ஆட்டம். கடைசியில் பெரிய ஆட்டக்காரர்கள் பட்டியலைப் பார்த்தால் ஜனவரியும் பிப்ரவரியுமாக நிற்கிறது. இதை முதலில் கவனித்தவர் ஆய்வாளரின் மனைவி, அதுவும் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில். என் மனைவிக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்த பகுதி இது.

நல்ல வேளை, அந்தத் தம்பதி நம் ஊர்ப் பக்கம் வரவில்லை. என் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருக்கும் ஜூன் மாதம்தான் பிறந்தநாள். பெற்றவள் பாட்டி, தேதி குறித்தவர் தலைமையாசிரியர். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தை ஒட்டி ஒரு தேதி போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையின் எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடுகளைப் புரட்டுகிற எந்த அமெரிக்க ஆய்வாளரும், ஜூனில் பிறந்தால் அரசாங்க உத்தியோகம் நிச்சயம் என்று முந்நூறு பக்கம் எழுதியிருப்பார். நானும் வாங்கியிருப்பேன்.

மனோதத்துவ ஆய்வாளர் வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ பரிசோதனையைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் குழந்தைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, ‘நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு’ என்று சொல்லிவிட்டுப் போவது. அதிக நேரம் பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள் என்று தெரியவந்தது. மச்சினன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். மார்ஷ்மெல்லோவுக்கு எங்கே போவது? கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒன்றை வைத்தேன், விதிமுறையைச் சொன்னேன், திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குழந்தை மிட்டாயைப் பார்த்தது. மிட்டாய் குழந்தையைப் பார்த்தது. மாமியார் உள்ளே வந்தார்.

“என்ன கண்ணு, அப்படியே உக்காந்திருக்க?”

“மாமா திங்கக் கூடாதுன்னுச்சு, அப்பத்தா.”

“பச்சப்புள்ள முன்னால பண்டத்த வச்சுட்டுத் திங்காதேன்னா, புள்ள ஏங்கிப் போயிராது? மாப்பிள்ளைக்கு யாரு சொல்றது!” என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டை அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். காத்திருந்தால் இரண்டு, அப்பத்தா வந்தால் பாக்கெட் என்பதைக் குழந்தை அன்றைக்கே கற்றுக்கொண்டது. பிறகு 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் பழைய முடிவு பெரும்பாலும் கரைந்துபோனது. மாமியாரிடம் சொன்னேன். “இதுக்குப் படிக்க வேற செய்யணுமா?” என்றார்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் படிக்கிறேன் என்றால், நீதிக்காக அல்ல. டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் ‘ஓப்பன்’ மாதிரி ஒன்று எப்போதாவது கிடைக்கும் என்பதற்காக. 2009-ல் வந்த தன்வரலாறு. சொற்களைச் செதுக்கிக் கொடுத்த ஜே.ஆர். மோரிங்கர் அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அகாசி அதில் டென்னிஸை வெறுத்தேன் என்கிறார். அது கிடக்கட்டும், எனக்கு முக்கியம் விக். உலகமே கொண்டாடிய அந்தச் சிங்கப் பிடரி சொந்த முடி இல்லை. 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி குளிக்கும்போது விக் பிய்ந்துபோகிறது. அண்ணன் உட்கார்ந்து ஹேர்பின்னாகக் குத்தி ஒட்டவைக்கிறார். மறுநாள் கோர்ட்டில் அகாசி வேண்டிக்கொண்டது ஜெயிக்க அல்ல, விக் விழாமல் இருக்க. விக் விழவில்லை. ஆட்டம் எதிராளி கோமஸிடம் போனது. ஒன்பது வருஷம் கழித்து, மொட்டைத் தலையோடு வந்து அதே பாரிஸில் கோப்பையை எடுத்தார். இதில் விதி எதுவும் கிடையாது, வரைபடமும் கிடையாது. உச்சந்தலையில் காற்று வாங்கத் தொடங்கிவிட்ட எனக்கு அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகவே மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் தூரத்து உறவினர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் பார்த்ததைவிடப் பத்து வயது குறைந்திருந்தார். பெடஸ்டல் ஃபேன் ஒன்று சுழன்று சுழன்று அவர் பக்கம் வரும்போதெல்லாம், கும்பிடுகிற பாவனையில் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். மேடையில் யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு மட்டும் புரிந்தது. எழுந்து போய் ஃபேனின் திருகைத் தட்டி, வேறு பக்கமாக நிறுத்திவைத்தேன். அவர் கையை இறக்கினார். பட்டுப் புடவையில் வெந்துகொண்டிருந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள்.