பத்து ரூபாயை நூறு ரூபாய்க்கு வாங்குகிறவர்

தபால்தலை சேர்ப்பவரை வீட்டுக்குள் விடலாம். தீப்பெட்டிப் படம் சேர்ப்பவரால் சிகரெட் பிடிப்பவர்களுக்குத்தான் தொல்லை. பழைய ரூபாய் நோட்டும் காசும் சேர்க்கிறாரே ஒருவர், அவர் எதிரே வந்தால் மட்டும் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொள்வது நல்லது. பணத்தாசை பிடித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாவம், அந்த ஆசை கொஞ்சமாவது இருந்திருந்தால் இந்நேரம் மாடி எடுத்திருப்பார்.

ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார், இல்லையென்றால் சர்க்கார் ஆபீசில் கணக்கெழுதி ரிட்டையர் ஆனவர். சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு லென்ஸ், கையில் எப்போதும் ஒரு பழைய டைரி, அதற்குள் நோட்டு கசங்காமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. நடை மெதுவாக இருக்கும். ஒரே ஒரு நேரத்தில் மட்டும் அம்பு மாதிரிப் பாய்வார். மளிகைக்கடைக்காரர் கல்லாப் பெட்டியைத் திறக்கிற நேரம் அது.

"அந்த அடியில இருக்கே, அதக் கொடு தம்பி."

"எல்லாம் பத்து ரூபாதான சார்?"

இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை. பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் மெல்ல முணுமுணுக்கத் தொடங்குவார்கள்.

எல்லாம் பத்து ரூபாய்தான் என்று நினைக்கிற மக்களோடு வாழ்வது எவ்வளவு பெரிய துன்பம் என்பதை அவர் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கிறதா? அச்சகத்தில் ஒரு தாள் பழுதானால், கட்டில் நூறு குறையக்கூடாது என்று அதற்குப் பதிலாக நட்சத்திரம் போட்ட தாள் ஒன்றை வைப்பார்கள். 2006 முதல் அப்படி நடக்கிறது. எண் 786-இல் முடிகிறதா? அதற்கென்று தனிக் கூட்டம் உண்டு. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே எண்ணா? அப்படியானால் அன்றைக்கு அவர் வீட்டில் பாயசம். எல்லாவற்றுக்கும் மேலே கையெழுத்து. அமிதாவ் கோஷ் என்று ஒரு ரிசர்வ் வங்கி கவர்னர் 1985-இல் இருபதே நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட பத்து ரூபாய் நோட்டுக்காக நம்மவர் தஞ்சாவூர், மதுரை, சென்னை என்று கண்காட்சி கண்காட்சியாக அலைந்திருக்கிறார். முப்பது வருஷம் நேர்மையாக வேலை பார்த்துவிட்டுப் போன தன் சொந்த மேலதிகாரியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று கேளுங்கள், தெரியாது.

ஒரு ரூபாய் நோட்டைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவே கூடாது. திறந்தால் காப்பி ஆறிவிடும். மற்ற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது, ஒரு ரூபாயை மட்டும் மத்திய அரசு வெளியிடுகிறது, அதில் நிதித்துறைச் செயலாளர்தான் கையெழுத்துப் போடுவார், அதனால் 'இத்தனை ரூபாய் தருவேன்' என்ற உறுதிமொழி அதில் கிடையாது என்று ஆரம்பிப்பார். மன்மோகன் சிங் செயலாளராக இருந்தபோது ஒரு ரூபாயிலும், பிறகு கவர்னராகிப் பெரிய நோட்டுகளிலும் கையெழுத்துப் போட்டார் என்பதைச் சொல்லும்போது, ஏதோ தன் மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி முகம் மலரும். மன்மோகன் பிரதமரானது அவர் கணக்கில் ஒரு சறுக்கல். பிரதமர்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

பிழைதான் அவருக்கு உயிர். மை இழுத்துப் போனது, எண் ஒரு பக்கம் மட்டும் விழுந்தது, ஓரம் சரியாக வெட்டாமல் காது மாதிரித் துருத்திக்கொண்டு நிற்பது, இதெல்லாம் கிடைத்தால் பத்து ரூபாய்க்கு ஆயிரம் கொடுக்கவும் தயார். அதே மனிதர், தையற்காரர் சட்டைக் காலரை அரை விரல் கோணலாக வைத்துவிட்டார் என்று கூலியில் இருபது ரூபாய் பிடித்துக்கொண்டவர்.

வீட்டில் அவர் மீது ஒரு நிரந்தரச் சந்தேகம் உண்டு. மனைவி அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைக்கும் பணத்தை அவர் ஒருபோதும் எடுத்ததில்லை. மாற்றி வைப்பார். தொகை பைசா குறையாமல் இருக்கும். மஞ்சள் வாசனை மட்டும் போயிருக்கும்.

"திருடினாலும் போலீஸுக்குப் போகலாம். இவர் பண்றதுக்கு என்ன கேஸ் போடறது?" என்பது அந்த அம்மாளின் நியாயமான கேள்வி.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது, நாடே ஏ.டி.எம். வாசலுக்கு ஓடியது. அவர் பீரோவைத் திறந்து ஆல்பத்தில் புதிய பக்கம் சேர்த்தார். மறுவருஷம் வந்த சட்டத்தில், செல்லாத நோட்டு யாரும் பத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, ஆனால் படிப்பு, ஆராய்ச்சி, நாணயவியல் ஆகியவற்றுக்காக இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. இந்திய அரசாங்கம் தன்னை நினைத்து எழுதிய ஒரே வரி அது என்று அவர் நம்புகிறார். அந்தப் பிரிவை நகலெடுத்து, பிரேம் போட்டு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போட்டோவைவிட பிரேம் கொஞ்சம் பெரிது.

காசு விஷயத்தில் அவர் இன்னும் மோசம். வருஷத்துக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைர வடிவம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா என்று ஜாதகம் பார்ப்பார். தமிழ்நாட்டில் பல கடைகளில் பத்து ரூபாய் காசை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்களே, அந்தக் காலம் அவருக்குப் பொற்காலம். பதினான்கு வகைக் காசும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் விளக்கம் சொல்லியும் நம் ஜனங்கள் மசியவில்லை. அத்தனை பேரும் அவரிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். அவர் பதினான்கையும் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தைக் கோயில் உண்டியலில் போட்டார். சாமி மட்டும்தான் வடிவமைப்பு பார்க்காமல் வாங்கிக்கொண்டது.

அவருக்கும் தமிழ்ப்பற்று உண்டு, எல்லாம் உலோகத்திலும் தாளிலும்தான். அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் காசில் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து இருப்பதைக் காட்டாமல் யாரையும் வீட்டைவிட்டு அனுப்ப மாட்டார். 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. அது இன்னும் அவருக்கு வாய்க்கவில்லை, அந்தப் பேச்சு வந்தால் குரல் கம்மும். மொரீஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் வெளியான நோட்டுகளில் தமிழை ஓர் இடம் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். இந்த வீர வரலாற்றை அவர் உணர்ச்சியோடு சொல்லிவிட்டு, திரும்பப் பெற்ற நோட்டு ஒன்று மட்டும் தனக்குத் தப்பிக் கிடைத்துவிடாதா என்று ஏங்குவார்.

அவருக்கும் எதிரிகள் உண்டு. யூடியூப்தான் முதல் எதிரி. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ ஒரு வீடியோ போட, மூன்றாவது தெருவில் பூ விற்கும் அம்மா சுருக்குப் பையோடு வந்து நிற்பார்.

"அஞ்சு லட்சம்னு சொல்றாங்களே சார்?"

"அஞ்சு ரூபா தர்றேம்மா. அதுவும் பாவம் பார்த்து."

பழைய நோட்டு விற்றுத் தருகிறேன் என்று தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்ததை எடுத்துக் காட்டுவார். அந்த அம்மா நம்புவதில்லை. வாத்தியார் தனியாகக் கொழிக்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு.

இரண்டாவது எதிரி, சொந்தப் பேரன். பிறந்த தேதியே வரிசை எண்ணாக அமைந்த நோட்டைத் தேடிப் பிடித்துப் பரிசளிப்பது அவருடைய வழக்கம். நாள், மாதம், வருஷம் என்று ஆறு எண்ணும் பொருந்திய பத்து ரூபாய் நோட்டை முந்நூறு ரூபாய்க்கு வாங்கி, உறையில் போட்டுப் பேரனுக்குக் கொடுத்தார். பையன் தாத்தா காலில் விழுந்து வணங்கினான். கால் மணி நேரத்தில் வாயெல்லாம் சேமியா ஐஸ் ஒழுகத் திரும்பி வந்தான். தாத்தா செருப்புகூடப் போடாமல் ஐஸ் வண்டியைத் துரத்தினார். வண்டிக்காரர் விவரமானவர். ஒரு பெரிய மனுஷன் பத்து ரூபாய்க்காக இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்த நோட்டுக்கு இப்போது மொத்த அடக்கவிலை ஐந்நூறு.

போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒரு இருபது ரூபா இருக்குமா? பால் வாங்கணும். கையில நோட்டு நிறைய இருக்கு, ஆனா எதுவும் செலவு பண்ற நோட்டு இல்ல."

இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் பழக்கதோஷத்தில் வாசல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். லென்ஸ் வெளியே வந்தது. முகத்தில் ஒரு பிரகாசம். டைரியைத் திறந்து, நோட்டைப் பதமாக உறைக்குள் செருகி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பாலுக்கு, தம்பி?"