கறுப்பாகப் பிறந்த அதிர்ஷ்டம்

இலங்கையில் கறுப்பாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக யாருக்காவது மரியாதை கிடைத்தது என்றால், 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிக் கண்ணியில் மாட்டிய அந்தச் சிறுத்தைக்குத்தான். புள்ளி போட்ட சிறுத்தைகள் தேயிலை மலைகளில் கண்ணி இறுகிச் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி, அவ்வளவுதான். இது கருஞ்சிறுத்தை. ஆகவே கொழும்பே அழுதது.

மே 26. சிவனொளிபாத மலையின் அடிவாரம், தோட்டத்துக்குள் ஒரு மரக்கறிப் பாத்தி, கழுத்தில் கம்பி. கொரோனாக் காலத்திலும் அதிகாரிகள் வந்தார்கள், மயக்க ஊசி வந்தது, கூண்டு வந்தது. மலையிறக்கி உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 1995இல் யானைக்குட்டிகளுக்கென்று தொடங்கிய பராமரிப்பு நிலையம் அது. 29ஆம் திகதி அங்கேயே செத்தது. மீட்டாயிற்று என்ற செய்திக்கும் இறந்துவிட்டது என்ற செய்திக்கும் நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் முகநூலில் எத்தனை பாராட்டு!

கண்ணி என்ன செய்யும் என்று தெரியாதவர்கள்தான் மீட்டதும் கைதட்டுவார்கள். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளைச் சுருக்காக முடிந்து, பன்றி நடக்கும் தடத்தில், வேலியின் இடுக்கில், மரத்தோடு சேர்த்துக் கட்டி வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை தலையைக் கொடுக்கிறது. இழுக்க இழுக்க இறுகும். கழுத்தில் விழாமல் இடுப்பில் விழுந்தால் இன்னும் மோசம். வெளியில் பெரிய காயம் தெரியாமலே உள்ளே சிறுநீரகம் நசுங்கியிருக்கலாம். வெளிச்சம் வருமுன் மாட்டிய மிருகத்தைச் சுற்றி, விடிந்ததும் நூறு பேர் நின்று விசிலடித்து, கல்லெறிந்து, போனைத் தூக்கிப் பிடித்தால் அது கடைசிப் பலத்தையும் சேர்த்து இழுக்கும். மிருக வைத்தியர் எங்கிருந்தோ வளைவு வளைவாக ஏறி வந்து சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். கம்பியை வெட்டியதும் அது எழுந்து நிற்கலாம், உறுமலாம், படத்துக்கு நன்றாகவும் இருக்கலாம். சாவு பிறகு ஆறுதலாக வரும், கமராக்கள் போன பின்னால்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் இந்தச் சிரமமெல்லாம் இருக்கவில்லை. ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்தே கொன்றார்கள், பிணத்தோடு படம் எடுத்துப் பதிவும் போட்டார்கள். படத்தைப் பார்த்துத்தான் ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள். குற்றவாளியே சாட்சியத்தைத் தயாரித்து, விருப்பக்குறியும் வாங்கித் தருகிற காலம் இது. பொலிசாருக்கு இதைவிடச் சுகமான உத்தியோகம் உண்டா?

கண்ணிக் கதையில் அந்தச் சுகம் இல்லை. அங்கே ஒரு கேள்வி வரும்: இந்த நிலம் யாருடையது? தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது. 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளின் கையில். கொழுந்து கம்பனியுடையது, இலாபம் பங்குதாரர்களுடையது, ஏற்றுமதி வருமானம் தேசத்துடையது. கம்பி மட்டும் தொழிலாளியுடையது. சிறுத்தை மாட்டிய அந்தக் கணத்தில், அதுவரை ஒரு பேர்ச் காணிக்கு உறுதி இல்லாதிருந்த மனிதன், சட்டத்தின் கண்ணுக்கு நிலச்சொந்தக்காரனாகிவிடுகிறான். இருநூறு வருடமாகக் கேட்டும் கிடைக்காத உரிமையை ஒரு சிறுத்தை ஒரே இரவில் வாங்கிக் கொடுத்துவிடுகிறது!

அவன் ஏன் பாத்தி போட்டான் என்று கேட்டால் அது அரசியல் ஆகிவிடும், கேட்கக் கூடாது. அன்றைக்கு அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய். கம்பனி கைவிட்ட தேயிலையில் நாலு பாத்தி லீக்ஸ், நாலு பாத்தி கரட். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போய்விடும். இழப்பீட்டுக்கு எழுதிப் போட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த போகமும் பன்றிக்கே. இதைச் சொல்வதால் கண்ணி வைத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். மரக்கறிக்குக் காவல் என்று வைப்பவன் ஒருவன் என்றால், இறைச்சிக்கென்றே வைப்பவனும் இருக்கிறான், அவன் பாத்தியே போட்டதில்லை. அவனிடம் கிலோக் கணக்கில் சொல்லிவைத்து வாங்குகிறவர்கள் லயத்தில் மட்டும் இருப்பதாக யாராவது நம்பினால், நத்தாருக்கு முந்தின வாரம் மலைப்பக்கம் வந்து பார்க்கட்டும். பன்றிக் கறி எந்த வீட்டுக் குசினியிலும் சட்டம் பேசியதில்லை. சீருடை காயப்போட்டிருக்கும் வீடானாலும் சரி.

அறிக்கை விடுகிற கனவான்களுக்குச் சரித்திரமும் ஞாபகத்தில் இல்லை. சிறுத்தைகள் "தோட்டத்துக்குள் புகுந்தன" என்கிறார்கள். காட்டுக்குள் புகுந்தது தோட்டம். கோப்பிக்காக மலையை மொட்டையடித்தார்கள், கோப்பியை நோய் தின்றதும் அதே மொட்டையில் தேயிலை நட்டார்கள். மலை உச்சிகளிலும் ஆற்றோரத்திலும் மிஞ்சிய துண்டுக் காடுகளில் சிறுத்தையும், சரிவில் லயங்களில் மனிதரும் ஒதுங்கினார்கள். இரண்டு பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டது ஒரே கணக்குப் புத்தகம். 2010இல் பக்கத்துக் காட்டுக்கு உலக மரபுரிமை என்று யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் மரபு எட்டடிக் காம்பரா. அதற்குப் பட்டம் எதுவும் வரவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆட்கள் விழுவது மாதம் தவறாத செய்தி. கூட்டை அகற்றுவது யார் பொறுப்பு என்று கேட்டால் தோட்டம் வானத்தைப் பார்க்கும். "புலி மாட்டுனா மட்டும் இத்தன ஜீப்பு வருதே, எங்கள ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோக கொழுந்து லொறிதானேங்கய்யா" என்று ஒரு பெண் கேட்டால் எந்த அதிகாரி பதில் சொல்வார்? பதில் சொல்ல முதலில் அவருக்கு அவளுடைய மொழி தெரிய வேண்டும். எச்சரிக்கைப் பலகையையே பிழையான தமிழில் எழுதி மாட்டுகிற அரசாங்கம் இது.

சிறுத்தை செத்ததும் விசாரணைக்கு உத்தரவு, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், கடும் நடவடிக்கை என்று வரிசையாக வரும். எல்லாம் கம்பி கட்டியவனோடு நின்றுவிடும். கம்பனியின் பெயர் அந்த அறிக்கைகளில் ஊர்ப்பெயர் மாதிரி, முகவரிக்காக மட்டும் வரும். தன் மலைக்குள் எத்தனை கண்ணி கிடக்கிறது என்று தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியாதாம். கொழுந்து மடுவத்தில் தராசில் இரண்டு கிலோ குறைந்தால் தெரிகிறது. பத்து நிமிடம் பிந்தி வந்தவள் யார் என்று தெரிகிறது. கூடைக்குள் ஒரு முற்றிய இலை கிடந்தால்கூடத் தெரிகிறது. இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, தினமும் ஆள் நடக்கிற பாதையில், மரத்தில் சுற்றிய கம்பி மட்டும் தெரிவதில்லை.

தெரிய வைக்க வழி இருக்கிறது. கொழுந்து குறைந்த தொழிலாளிக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற அதே செக்ரோலைத் திறக்க வேண்டியதுதான். மலையில் கண்ணி ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு முகாமையாளருக்கு அரைப்பேர், கொழும்பில் இருக்கிற பணிப்பாளர்களுக்கும் அரைப்பேர். சிறுத்தை மாட்டினால் அந்த மாதம் முழுக்கப் பேரே இல்லை.