சட்டப்படி கோடை

ஸ்வீடனில் வசந்தம் வந்துவிட்டதா என்று குயிலைக் கேட்க வேண்டியதில்லை. வானிலைத் துறையைக் கேட்டால் போதும். தினசரிச் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஏழு நாள் பூஜ்யத்துக்கு மேலேயும் பத்து டிகிரிக்குக் கீழேயும் நின்றால் அது வசந்தம். பிப்ரவரி 15க்கு முன்னால் எவ்வளவு இதமாக வெயில் அடித்தாலும் கணக்கில் சேராது. ஒருமுறை வசந்தம் என்று அறிவித்துவிட்டால், அப்புறம் ஏப்ரலில் பனி கொட்டினாலும் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதில்லை. சராசரி ஐந்து நாள் தொடர்ந்து பத்து டிகிரியைத் தொட்டுவிட்டால் கோடை.

திருச்சியிலிருந்து ஸ்டாக்ஹோமில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்த தாத்தா, மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஓர் அளவுகோல் இருந்தால் அவருக்குப் பிடிக்கும். ஆனால் இந்த அளவுகோல் அவரையே அசைத்துவிட்டது. "பத்து டிகிரி இருந்தா கோடையா? அப்ப கரிகாலன் காலத்துல ஆரம்பிச்ச கோடை நம்ம ஊர்ல இன்னும் முடியலைன்னு சொல்லு" என்றார். அப்போது அவர் ஸ்வெட்டருக்கு மேல் மகனின் ஜாக்கெட்டையும், அதற்கு மேல் மப்ளரையும் சுற்றியிருந்தார். ஏப்ரல் மூன்றாம் வாரம். வெளியே எட்டு டிகிரி. எதிரே காபிக் கடை வாசலில் உள்ளூர்க்காரர்கள் நாற்காலிகளைச் சூரியன் பக்கம் திருப்பிப் போட்டு, முழங்காலில் கம்பளியைப் போர்த்தி, கண்ணை மூடி, முகத்தை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. தியான வகுப்பா, கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறார்களா என்று தாத்தாவுக்குச் சந்தேகம்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் எல்லாருமே வெயிலிலிருந்து தப்பிக்கக் கற்றுக்கொடுத்து வளர்க்கப்பட்டவர்கள். மகன் கிஸ்தாவில் மென்பொருள் வேலை பார்க்கிறார். நகரத்தின் வடக்கே கம்ப்யூட்டர் நிறுவனங்கள் குவிந்திருக்கும் பேட்டை அது. மருமகள் சின்ன வயதில் கேட்ட அறிவுரைகளில் பாதி, "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே" என்பதுதான். இங்கே டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம். அதிலும் சூரியன் தலையைக் காட்டுவது அவர் இஷ்டம். இரண்டு குளிர்காலம் போனபிறகு மருமகளும் மார்ச் மாதம் பால்கனியில் ஒரு சாண் வெயில் விழுந்தால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். மாமனார் வந்ததும் கொஞ்ச நாள் அதை மறைத்துப் பார்த்தார்.

வசந்தத்தில் அழகான விஷயங்கள் உண்டு. குங்ஸ்த்ரேட்கோர்டன் பூங்காவில் 1998இல் நட்ட ஜப்பானியச் செர்ரி மரங்கள் ஏப்ரல் கடைசியில் ஒரேயடியாகப் பூக்கும். ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும். ஆனால் தாத்தா வியந்தது நிர்வாகத்தைத்தான். பனியில் வழுக்காமல் இருக்கத் தெருவெல்லாம் குளிர்காலத்தில் கொட்டிய சரளைக் கல்லை, வசந்தத்தில் நகராட்சி வண்டி வந்து கூட்டி அள்ளிக்கொண்டு போகிறது. ஆணி பதித்த பனி டயருக்கு ஏப்ரல் 15 வரைதான் அனுமதி. மறுநாள் முதல், சாலையில் பனி கிடந்தாலொழிய அபராதம். "போட்ட கல்லைத் திரும்ப எடுக்கறானா!" என்று ஜன்னலோரம் நின்று அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோடு போட்ட மறுநாள் கேபிளுக்காகத் தோண்டிய பள்ளங்கள் அவர் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 30 இரவு வால்போரி. வசந்தத்தை வரவேற்க ஊர் ஊராகச் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். பாடகர் குழுக்கள் வசந்தப் பாட்டுகளைப் பாடுகின்றன. அன்றும் குளிர் காதைக் கடித்தது. நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாத்தா சொன்னார்: "இவங்க கொண்டாடற வசந்தத்துல எனக்குப் பிடிச்சது இந்த நெருப்பு ஒண்ணுதான்."

மே மாதம் பிறந்ததும் தூக்கம் போயிற்று. ஜூனில் சூரியன் மூன்றரை மணிக்கு உதித்து இரவு பத்துக்குத்தான் மறைகிறது. மறைந்த பிறகும் வானம் முழுசாக இருட்டுவதில்லை. ஆறு மணிக்கு மேல் விளக்கேற்றிச் சாமி கும்பிடும் பழக்கமுள்ள தாத்தா, "விளக்கு வெக்கற நேரம்" என்பது இங்கே எப்போது என்று மருமகளிடம் கேட்டார். "மாமா, இருட்டினதும் வைக்கலாம்னா ஆகஸ்டு வரைக்கும் காத்திருக்கணும்" என்றார் மருமகள். நான்காவது படிக்கும் பேத்தி, வெளியே வெயில் அடிக்கும்போது தூங்கச் சொல்வது அநியாயம் என்று தினமும் ஒன்பது மணிக்கு வாதாடினாள். அவள் தரப்பில் நியாயம் இருந்ததால் அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. கறுப்புத் திரைச்சீலை வாங்கிப் போட்டார்கள். அதன் விளிம்பில் இருந்த ஒரு விரற்கடை இடைவெளி போதும், விடியற்காலை மூன்றரைக்குச் சரியாகக் கண் இமையில் வந்து உட்கார.

ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் தெருவில் பெரிய சத்தம். திறந்த லாரி ஒன்று, பக்கமெல்லாம் பூர்ச்ச மரக் கிளைகள் கட்டி, ஒலிபெருக்கி அலற, மேலே வெள்ளைத் தொப்பி போட்ட இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்க வந்தது. தாத்தா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு ஓடினார். "என்ன எலெக்‌ஷனா? எந்தக் கட்சி?"

கட்சி இல்லை, மேல்நிலைப் பள்ளியை முடித்தவர்கள். அன்று மாணவர்கள் பள்ளி வாசலைவிட்டு ஓடிவரும்போது, பெற்றோர்கள் பிள்ளையின் குழந்தைப் படத்தைப் பெரிதாக்கி ஒரு குச்சியில் ஒட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தொட்டியில் குளிக்கும் படம், வாயெல்லாம் சோறு அப்பிய படம் என்று எது அதிகம் மானத்தை வாங்குமோ அது. இதைக் கேட்டதும் தாத்தா முகத்தில் முதல் தடவையாக ஸ்வீடன்மீது பாசம் தெரிந்தது. பிளெக்ஸ் பேனர் இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது என்று அவர் எப்போதும் நம்பி வந்திருக்கிறார்.

இந்த ஊரில் சந்தோஷத்துக்கும் சட்டம் இருக்கிறது என்பது விடுப்பு விஷயத்தில்தான் முழுசாகப் புரியும். 1938இல் தொழிலாளருக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று தொடங்கியது. 1977இன் சட்டப்படி இன்று ஆண்டுக்கு 25 நாள். அதில் நான்கு வாரத்தை ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மகனுக்கு இரண்டு நாள் லீவு வேண்டுமென்றால் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்த முதல் கோடையில், மேலாளர் முன்னால் போய் நின்று தயங்கித் தயங்கி மூன்று நாள் கேட்டிருக்கிறார். மேலாளர் முகம் வாடிவிட்டது. வேலையில் ஏதாவது மனக்கஷ்டமா, பணக் கஷ்டமா, மற்ற நாளெல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று அரைமணி நேரம் ஆறுதலாக விசாரித்துவிட்டு, நான்கு வாரத்தை எழுதிக் கொடுத்தார். ஜூலையில் யாருக்கு மின்னஞ்சல் போட்டாலும், ஆகஸ்டில் வருவேன் என்ற தானியங்கிப் பதில்தான் வருகிறது. ஸ்டாக்ஹோம்காரர்கள் தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். நகரத்துக்குக் கிழக்கே கடலில் சின்னதும் பெரிதுமாகச் சுமார் 30,000 தீவுகளும் பாறைகளும் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

அப்படியொரு தீவில் ஒரு சகபணியாளருக்குச் சிவப்புச் சாயம் பூசிய மரவீடு. மிட்சம்மர் பண்டிகைக்கு வாருங்கள் என்று குடும்பத்தையே அழைத்தார். இங்கே தீபாவளி மாதிரி அது. முன்பெல்லாம் ஜூன் 23, 24 தேதிகளில் வந்துகொண்டிருந்ததை, 1953இல் வாரக்கடைசிக்கு நகர்த்திவிட்டார்கள். அதனால் முக்கியமான கொண்டாட்டம் எப்போதும் ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை. விடுமுறை வீணாகாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். தாத்தா வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார் என்பதை 1953இல் யாரும் யோசிக்கவில்லை.

முதல்நாள் வியாழக்கிழமை மகன் ஒயின் வாங்கப் போனபோது தாத்தாவும் உடன் போனார். பீரில் லேசான ரகம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். மற்ற மதுவுக்கெல்லாம் அநேகமாகச் சிஸ்டெம்போலாகெட் என்ற அரசு நிறுவனம்தான். "ஓ, டாஸ்மாக்!" என்றார் தாத்தா. தமிழ்நாட்டில் அரசு சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டது 2003இல். ஸ்வீடனில் 1955இலேயே நாடு முழுவதற்கும் ஒரே அரசு நிறுவனம். பொருத்தம் அத்தோடு முடிந்தது. உள்ளே மருந்துக்கடைச் சுத்தம். சீருடை அணிந்த ஒரு பெண், மத்தி வகை மீனோடு எதைக் குடித்தால் சேரும் என்று ஒரு பாட்டிக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். கம்பிவலை இல்லை, கையை நீட்டி முட்டிக்கொள்வோர் இல்லை. சாதாரணச் சனிக்கிழமையே மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், மிட்சம்மர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்பதால் கூட்டம் மட்டும் வாசல்வரை நின்றது. அதுவும் சத்தமில்லாமல். வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத தாத்தா, இந்தக் கடையைப் பற்றித் திருச்சி நண்பர்களுக்கு வாட்ஸப்பில் நீளமாகக் குரல்பதிவு அனுப்பினார். இப்படி இருந்தால் நம்மவர்கள் வெட்கப்பட்டே குடியை விட்டுவிடுவார்கள் என்பது அவர் முடிவு.

மிட்சம்மர் அன்று மழை பெய்தது. பெய்யத்தான் செய்யும், அதுவும் பண்டிகையின் ஒரு பகுதி என்றார் வீட்டுக்காரர். வெளியே போட்ட மேசையை உள்ளே கொண்டுவந்தார்கள். மழை விட்டதும் வெளியே கொண்டுபோனார்கள். இப்படிப் பல தடவை. இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பத்தைத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் கைகோத்து ஆடினார்கள். தவளைப் பாட்டு வந்ததும் வங்கி அதிகாரிகளும் பல் டாக்டர்களும் குந்தி உட்கார்ந்து தவளையாகவே குதித்தார்கள். மூட்டுவலியைக் காரணம் காட்டி ஒதுங்கி நின்ற தாத்தா, எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தன் முன்னால் குதித்துப் போனதைப் பார்த்ததும் வேறு வழியில்லாமல் களத்தில் இறங்கினார்.

சாப்பாட்டில் இனிப்பும் புளிப்புமாக வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன். கடுகுச் சாறில் ஒன்று, வெங்காயத்தில் ஒன்று. அடுப்பையே பார்த்திராத மீன் அது. கூடவே சோயிக்கீரை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், கடைசியில் ஸ்ட்ராபெரி. தாத்தாவுக்கு உருளைக்கிழங்கு மட்டும். உப்பைத் தவிர ஒன்றும் தெரியாத அந்தக் கிழங்கைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மருமகள் கைப்பையிலிருந்து ஆவக்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். வீட்டுக்காரர் அதை வாங்கித் தன் ஹெர்ரிங்மீது தாராளமாக ஊற்றி ஒரு வாய் போட்டார். முகம் அவர் வீட்டைவிடச் சிவப்பானது; ஆனாலும் அடுத்த வாய்க்குக் கை நீண்டது. பாட்டில் அந்தத் தீவிலேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் பெண்பிள்ளைகள் ஏழு வகைப் பூப் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் வருங்காலக் கணவன் கனவில் வருவான் என்பது ஐதீகம். பேத்தியும் கிளம்பினாள். "பத்து வயசுல மாப்பிள்ளை பாக்கறதா?" என்று தாத்தா கடிந்தார். பறிக்கும்போது ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது விதி என்று தெரிந்ததும், "நல்லா நிதானமா பறிக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தார். அரைமணி நேரம் தீவு அமைதியாக இருந்தது.

ஜூலையில் நிஜமான வெயில் வந்தது. முப்பது டிகிரி. திருச்சியில் நாற்பதைப் பார்த்தவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அன்று மதியமே சிரிப்பு நின்றது. மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னலோடு, உள்ளே வரும் சூட்டை வெளியே விடாமல் கட்டிய வீடு அது. தாத்தா கூடத்தில் படுத்து மல்லாந்து கூரையைப் பார்த்தார். மின்விசிறி இல்லை, அதை மாட்டக் கொக்கியும் இல்லை. வாழ்நாளெல்லாம் மின்சாரம் கொடுத்த மனிதர் ஒரு விசிறிக்காகக் கடை கடையாக ஏறி இறங்க, எல்லா இடத்திலும் தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது ஆனந்த விகடனின் பழைய இதழ்.

விசிறி கிடைக்காததால்தான் எல்லாரும் ஏரிக்குப் போனார்கள். இங்கே பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் 200 மீட்டர் நீந்த வேண்டும், அதில் 50 மீட்டர் மல்லாந்து, பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பேத்தி அதற்காக மேலாரென் ஏரியில் பழகிக்கொண்டிருந்தாள். நீச்சல் தெரியாத அப்பாவும் அம்மாவும் முழங்கால் ஆழத்தில் நின்று உற்சாகமூட்டுவார்கள். காவிரியில் தண்ணீர் ஓடிய காலத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீச்சல் கற்றவர் தாத்தா. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மரமேடையிலிருந்து குதித்தார். "முருகா!" என்ற குரல் எதிர்க்கரைவரை கேட்டது. வெளியே முப்பது டிகிரி அடித்தால் தண்ணீருக்கும் அந்தச் செய்தி போயிருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். ஆனால் ஏறவில்லை. பத்துப் பேர் பார்க்கிறார்கள். கைவீச்சு கைவீச்சாக மிதவைவரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார். அன்றிலிருந்து பேத்திக்கு மல்லாந்து நீந்தக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு அவருடையது.

காடு விஷயம் பாக்கி இருக்கிறது. யாருடைய நிலமானாலும், வீட்டு வளவுக்குள் நுழையாமல், பயிரை மிதிக்காமல் யாரும் நடக்கலாம், ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். பழைய வழக்கம், 1994இல் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். மே மாதத்திலேயே மருமகள் இந்த உரிமையை அனுபவிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டு மூதாட்டி கையுறை போட்டுக்கொண்டு ஒரு செடியின் கொழுந்தைப் பறிப்பதைப் பார்த்து விசாரித்தார். நம் ஊர்க் காஞ்சொறியைப் போலத் தொட்டால் அரிக்கும். வேகவைத்தால் அரிப்புப் போய்விடும். அவர்கள் அதைச் சூப்பாக்கி அவித்த முட்டையோடு குடிக்கிறார்கள். இந்த வீட்டில் அது பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்த கீரையாயிற்று.

மூதாட்டி எல்லாம் சொல்லிக்கொடுப்பார், ஒன்றைத் தவிர. கந்தரெல் என்ற மஞ்சள் காளான் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "காட்டில்" என்பார். அலுவலகத்தில் கேட்டாலும் அதே பதில். உடன்பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்வதில்லையாம். தாத்தா ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கையில், நல்ல மழைக்கு மறுநாள், நாவற்பழ நிறத்துக் காட்டுப் பழம் பறிக்கப் போன பேத்தி ஒரு பாசிமேட்டில் தடுக்கி விழுந்தாள். அழப்போனவள் வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டினாள். மேடு முழுக்க மஞ்சள். மூதாட்டியிடம் காட்டிச் சரியான காளான்தானா என்று உறுதி செய்துகொண்டார்கள். எங்கே என்று அவரும் நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தார் மருமகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஒரு தம்பதி சாப்பிட வந்தார்கள். வறுவலை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய அந்தப் பையன், "கடையில இது என்ன விலை விக்குது! எங்கே சார் பறிச்சீங்க?" என்றான். மகன் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைப் பார்த்தார். பேத்தி மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தாள்.

"காட்டுலதான் தம்பி" என்றார் தாத்தா. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கறீங்களா?"