வளைவு 2/70

ஜெர்மனியில் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு சாலையையே சைக்கிள்காரர்களுக்கு எழுதி வைத்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு. ‘ஒயின் சாலை’ என்று 1935-லேயே பெயர் சூட்டிய சாலை அது. ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் திராட்சைத் தோட்டம். அன்றைக்குப் பகல் முழுக்கக் காருக்கும் லாரிக்கும் அங்கே வேலையில்லை. மிதிக்கலாம், ஊருக்கு ஊர் இறங்கலாம், ஒரு கோப்பை குடிக்கலாம், மறுபடி மிதிக்கலாம். அந்தப் பக்கத்தில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை இதை வீடியோ காலில் காட்டி, “மாமா, நீங்க ஒரு தடவை வரணும்” என்றார். இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எங்கள் வீட்டில் எனக்கு இல்லை. “சந்தைக்கு நடந்து போய்ட்டு வந்தாலே மூட்டுக்குத் தைலம் கேக்கறாருங்க மாப்ளே” என்று பக்கத்திலிருந்து பதில் போய்விட்டது.

தைலத்தை வெளிநாடு வரைக்கும் கொண்டுபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சேந்தமங்கலத்தில் எது குறைச்சல்? மொட்டை மாடியில் ஏறினால் கொல்லிமலை குறுக்கே படுத்திருக்கிறது. காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு நல்ல தார் ரோடு. அதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் நின்று மூச்சு வாங்குகிறோம் என்று நமக்கே தெரியும்படி நம்பர் வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். மது விஷயத்திலும் நாங்கள் பழைய குடும்பம்தான். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி, காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்குத் தான் இன்னார் என்று காட்டிக்கொள்ளாமலே மான்கறியும், உருக்கிய நெய் போலத் தெளிந்த மதுவும் கொடுத்தான் என்று வன்பரணர் புறநானூற்று 152-ஆம் பாட்டில் சாட்சி சொல்கிறார். கூடவே பொன்னும் கொடுத்தானாம். ஜெர்மனியில் கோப்பைக்குக் காசு.

என்ன ஒன்று, ஓரிக்குப் பிறகு எங்கள் ஜில்லாவுக்கு ராஜாஜி வந்துவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925-லேயே ஆசிரமம் வைத்து, யார் வீட்டுக் கூலி எந்தக் கடைக்குப் போகிறது என்று கிட்டத்திலிருந்து பார்த்தவர். சென்னை மாகாணத்துப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் அமலான மாவட்டம் சேலம். நாமக்கல், சேந்தமங்கலம் எல்லாம் அன்றைக்குச் சேலத்தோடு சேர்த்திதான். தனி மாவட்டமானது 1997-ல். ராஜாஜிக்கும் முன்னாலேயே, காங்கிரஸில் இருந்த பெரியார், சேலம் தாதம்பட்டியில் தம் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளைக் கள்ளுக்கு விடமாட்டேன் என்று வெட்டிச் சாய்த்திருந்தார். ஐரோப்பாக்காரன் ஒயினுக்குச் சாலை போட்ட அதே பத்தாண்டில் நாங்கள் கலயத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்.

கவிழ்த்ததோடு கணக்கு முடியவில்லை. கள்ளுக்கடை வருமானம் நின்றதை ஈடுகட்ட 1939-ல் அதே அரசு பொது விற்பனை வரி போட்டது. சேலத்துக்காரன் குடியை விட்டதற்கான தொகையை, குடித்தே அறியாதவனும் சேர்ந்து கட்டுகிற ஏற்பாடு. பின்னால் 1971-ல் கள் வந்தது, போனது, 1981-ல் மறுபடி வந்தது, 1987-ல் ஒரேயடியாகப் போனது. கொங்குப் பக்கம் விவசாயிகள் இன்னும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரி மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அந்தத் தைல ரோஷத்தில் நான் கியர் சைக்கிள் வாங்கிய பில்லில் ஜிஎஸ்டி என்ற வரியைப் படித்தபோது, இதன் தாத்தா எங்கள் ஊர்க்காரர் என்று கடைப் பையனிடம் சொன்னேன். அவன் ‘கார்டா, கேஷா சார்’ என்றான்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்லும் கிடையாது. இல்லாத சாமானுக்கெல்லாம் சேர்த்து விலை. உட்காரும் இடம் மூன்று விரல் அகலம். சுவரில் சாய்த்து வைத்ததும் வீட்டுக்காரி ஒரு சுற்று சுற்றி வந்தாள். “ஏனுங்க, பாதி சாமானக் கடையிலயே மறந்துட்டு வந்துட்டீங்களா?”

அந்த மூன்று விரல் அகலத்துக்குப் பரிகாரமாக ஒரு கால்சட்டை விற்கிறார்கள். கறுப்பு நிறம், தொடையோடு ஒட்டிக்கொள்ளும், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருக்கும். எங்கள் ஊரில் சன்னியாசிக் கரடு என்று ஒரு குன்று உண்டு. தத்தாத்ரேயர் கோயிலும் அவதூத சுவாமிகளின் நினைவும் அங்கே இருக்கின்றன. ஆடையைத் துறந்த மகானைக் கையெடுத்துக் கும்பிட்ட ஊர் இது. என்னை மட்டும் விடுமா? நான் அந்தக் கால்சட்டையோடு தெருவில் இறங்கிய அன்று பால் ஊற்ற வந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார். முழுசாகத் துறந்திருந்தால் அவரும் கும்பிட்டிருப்பார். மறுநாளிலிருந்து வீட்டில் உத்தரவு: ஊர் தாண்டும்வரை மேலே வேட்டி. பேருந்து நிலையம் கடந்ததும் வேட்டியை அவிழ்த்துக் கைப்பிடியில் கட்டிக்கொள்வேன். திரும்பும்போது அதே இடத்தில் உடுத்திக்கொள்வேன். விடியாத இருட்டில் சாலையோரம் ஒருவர் வேட்டியோடு போராடுவதைப் பார்த்து, டீக்கடையில் என்னைப் பற்றி என்ன பேசினார்களோ, நான் விசாரிக்கவில்லை.

போக்குவரத்தே இல்லாத சாலை எங்களுக்கும் உண்டு. அதிகாலை நாலரையிலிருந்து ஐந்தே கால்வரை. அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க முட்டை லாரியும் தீவன லாரியும். அதற்குப் பின்னால் மில் வேன், அதன் பின்னால் கல்லூரிப் பஸ், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. லாரிக்குப் பாடி கட்டி நாட்டுக்கே அனுப்புகிற நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு சாலையைச் சும்மா போட்டுவைத்தால் எங்களுக்குத்தான் இழுக்கு. அந்த முக்கால் மணி நேரத்தையும் நாய்கள் தங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கின்றன. ஒயின் நாட்டில் பீப்பாய் வாசம் காற்றில் வருமாம். இங்கே குச்சிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மிதித்தால் அதைவிடப் புளித்த வாடை. கொஞ்சம் தள்ளிப் போனால் கோழிப்பண்ணை அதில் கலந்துகொள்ளும். எந்த ஆண்டு விளைச்சல் என்று முகர்ந்து சொல்லுமளவுக்கு எனக்குத் தேர்ச்சி போதாது.

ஒரு மாசி மாதக் காலையில் பனைமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். மேலே மரமேறுகிறவர் பாளையைச் சீவிக்கொண்டிருந்தார். காலில் தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள் பெட்டி. சீவிய துணுக்குகள் தலையில் உதிர்ந்தன. கலயத்தோடு இறங்கியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தி, “சுண்ணாம்பு தடவாத கலயம் ஏதாச்சும்…” என்று ஆரம்பித்தேன்.

“அப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்லீங்க” என்றார், சத்தமாக, ரோட்டுக்கும் கேட்கும்படி. பிறகு முகத்தருகே வந்து பார்த்து, “அட, வாத்தியாரய்யாவா? இந்த டவுசரப் பாத்துட்டு மதுவிலக்குப் போலீசுக்கு ஏதோ புது உடுப்புக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேனுங்க.”

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு வெள்ளையாகப் பூசியிருந்தது. அதுதான் புளிக்கவிடாமல் தடுக்கிறது. பூசாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் உள்ளிருப்பது கள்ளாகிவிடும். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புப் பூச்சுதான். துணியில் வடிகட்டியதும் எறும்பும் ஒரு தேனீயும் மேலே தங்கின. பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து என் கையில் கொடுத்து ஊற்றினார். நாங்கள் தெளுவு என்போம், மற்ற ஊர்களில் பதநீர். இனிப்பு, ஓலை வாசம், அடியில் சுண்ணாம்பின் ஒரு நெடி. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இறங்கிக் குடிக்கிறார்கள் என்ற நினைப்பில் நான் ஒரே ஊரிலேயே அத்தனையையும் குடித்தேன்.

சைக்கிளும் குடியும் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பழைய கதை. 1950-ல் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அப்துல் காதர் சாஃப் என்ற அல்ஜீரிய வீரர் தெற்குப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் ஊடாக பந்தயக் கூட்டத்தை முந்திப் போய்க்கொண்டிருந்தார். கொளுத்தும் வெயில். ரசிகர்கள் நீட்டிய புட்டியில் ஒயின் இருந்தது என்பது கதை. மயங்கி ஒரு மரத்தடியில் சாய்ந்தவர், எழுந்ததும் சைக்கிளை எடுத்து வந்த வழியே மிதிக்க ஆரம்பித்தாராம். நான் குடிக்கவே இல்லை, ஜனங்கள்தான் மயக்கம் தெளிய மேலே ஊற்றினார்கள் என்று பிற்பாடு அவர் சொன்னதாகவும் சொல்வார்கள். வீட்டில் சொல்லிப் பார்க்கத் தகுந்த விளக்கம்.

என் விஷயத்தில் யாரும் யார்மீதும் எதையும் ஊற்றவில்லை. வயிறு நிறையத் தெளுவோடு காரவள்ளி தாண்டினேன். முதல் வளைவு கடந்தேன். 2/70 என்ற பலகைக்கு எதிரே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். வயிற்றுக்குள் தெளுவு தனியாக ஒரு மலைப்பயணம் போய்க்கொண்டிருந்தது. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய மினி லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, “பஞ்சருங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் சைக்கிளின் இரண்டு டயரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், “ஏத்திக்கட்டுமா?” என்றார். மானத்தை முன்னிட்டு மறுத்துவிட்டு, நானும் சாஃப் மாதிரி வந்த வழியே மிதித்தேன். அவருக்குத் திசை தெரியாமல் போனது. எனக்கு இறக்கம் அந்தத் திசையில்தான் இருந்தது.

அடுத்த வாரமே வீட்டுக்காரி தெருமுனை சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிவந்து கேரியர், ஸ்டாண்டு, பெல் மூன்றையும் பூட்டச் சொன்னாள். கேரியர் மாட்ட ஓட்டையே இல்லையே என்று தயங்கியவரிடம், “போடுங்க, நீங்க போடாத ஓட்டையா” என்றாள். இப்போது ரேஷன் அரிசி இருபது கிலோவும் மாவு மில் தூக்கும் அதில்தான் போய்வருகின்றன. கியர் இருப்பதால் மில்லுக்குப் போகிற மேட்டில் மூச்சு வாங்குவதில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள், ஓட்டுவதும் அவள்தான். கால்சட்டையைக் காணோமே என்று தேடியபோது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. நன்றாகத் துவைத்து, மெத்தை வைத்த பாகத்தை மட்டும் வெட்டி, இட்லிப் பானை இறக்கப் பிடிதுணி ஆக்கியிருக்கிறாள். கைக்குச் சூடே தெரியவில்லையாம். “ஏனுங்க, அடுத்த தடவை சேலம் போறப்ப இதுல இன்னொண்ணு வாங்கியாங்க. குக்கருக்கு வேணும்.”