மீனுக்கு மூக்கு இருக்காலே?

ஏல மக்கா, இப்படி வந்து உக்காரு. டியூசனுக்கு உங்கப்பன் மாசாமாசம் துட்ட எண்ணி வைக்கான். நீ என்னடான்னா ஆக்‌ஷன் வெர்ப் எது, லிங்கிங் வெர்ப் எதுன்னு கேட்டா மோட்டப் பாத்துக்கிட்டு நிக்க. நல்லா பாருல, மோடு எங்கயும் ஓடிராது.

சங்குகுளிக்காரன் கடல்ல குதிக்கான், மூச்சப் பிடிக்கான், சங்க எடுக்கான். எல்லாம் ஆக்‌ஷன். உடம்பு அசைஞ்சாத்தான் ஆக்‌ஷன்னு நெனைக்காத. மனசு செய்யுத வேலையும் சேத்திதான். 'திங்க்'கும் ஆக்‌ஷன் வெர்புதான். அதனால, மோட்டப் பாத்து யோசிச்சேன்னு நீ சொன்னா நானும் நம்பிக்கிடுதேன்.

லிங்கிங் வெர்ப் ஏலக்கூடத்துத் தரகர் கணக்கா. வலையும் வீச மாட்டாரு, கூடையும் தூக்க மாட்டாரு. ரெண்டு பேரச் சேத்து விடுவாரு, அம்புட்டுதான். 'ஷீ இஸ் எ டீச்சர்'ங்கதுல 'இஸ்' பாக்க வேல அதுதான்.

வில்லங்கம் எங்கன்னா ஸ்மெல், டேஸ்ட், லுக், ஃபீல், க்ரோ, டர்ன். இதுக ரெண்டு வேசமும் கட்டும். சந்தேகம் வந்தா அந்த எடத்துல 'இஸ்' போட்டுப் பாரு. 'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்' – 'தி ஃபிஷ் இஸ் பேட்'. அர்த்தம் நிக்குல்லா? லிங்கிங். 'தி மேன் ஸ்மெல்ஸ் தி ஃபிஷ்'ல போட்டுப் பாரு: மீன் வாங்க வந்த மனுசனே மீனாயிருவான். அது ஆக்‌ஷன். நடந்து முடிஞ்ச கதைன்னா 'வாஸ்' போடு: 'தி சீ க்ரூ ரஃப்' – 'தி சீ வாஸ் ரஃப்'. முக்காவாசி எடத்துல இது கைகொடுக்கும்.

போன பரீட்சையில 'ஸ்மெல்ஸ் பேட்லி'ன்னு எழுதி வச்சியே, அதுக்கு மீனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியலன்னுல்லா அர்த்தம்! லிங்கிங் வெர்புக்குப் பின்னால எழுவாயோட கொணத்தச் சொல்லணும்னா அட்ஜெக்டிவ்தான் வரும்.

இதெல்லாம் வெள்ளக்காரன் சரக்குன்னு மலைக்காதல. 'வந்தான்' தெரிநிலை வினை. காலத்த வெளிப்படையாக் காட்டும். 'நல்லன்', 'கரியன்' குறிப்பு வினை; கொணத்தச் சொல்லும், காலத்தக் குறிப்பாத்தான் காட்டும். ஒன் தமிழ்ப் புத்தகத்துலயே கெடக்கு. 'இது முத்து'ன்னா வினையே வேண்டாம், பெயரே பயனிலையா நின்னுரும். அந்தப் பழக்கத்துலதான் நீ இங்கிலீஷ்லயும் 'இஸ்'ஸ முழுங்குத.

போர்ச்சுகல்ல பொறந்த அண்டிரிக் அடிகளாரப் பாரு. சவேரியார் சொல்லுக்கு இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, நம்ம சனம் பேசுததக் கேட்டுக் கேட்டு, 1549 வாக்குலயே தமிழுக்குப் போர்ச்சுகீசு மொழியில எலக்கணம் எழுதிட்டாரு. 1578ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்க'த்தத் தமிழ் எழுத்துல அச்சும் போட்டாரு. அவருக்கு டியூசனா, கைடா? நம்ம வினைச்சொல்லு ஒண்ணு, ஆளுக்கொரு விகுதி, காலத்துக்கொரு இடைநிலைன்னு ஓயாம உருமாறும். அம்புட்டையும் அந்த மனுசன் வசப்படுத்திட்டாரு. ஒனக்கு ஒத்த 'இஸ்' வசப்பட மாட்டேங்கு!

சரி, கடைசிக் கேள்வி. 'யூ ஆர் லேசி' – இதுல 'ஆர்' என்ன வெர்ப்? சரியாச் சொன்னா மக்ரூன் வாங்கித் தாரேன். தப்பாச் சொன்னாலும் வருத்தப்படாத மக்கா, அந்த வாக்கியம் ஒனக்குப் பொருந்தித்தான் நிக்கும்.