சிக்னலில் சுழலும் விசிறி: இருசக்கர வாகன மின்னேற்றக் கோளாறுகள் குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மாட்டு வாகடமும் அசுவ சாத்திரமும் கஜ சாத்திரமும் கண்ட தமிழுலகம், செல்ஃப் எடுக்காத பைக்குக்கு மட்டும் இன்றுவரை ஒரு வாகடம் செய்யவில்லை. இது பெருங்குறை. மாடும் குதிரையும் யானையும் வீட்டைவிட்டுப் போய் நாளாயிற்று. பைக் வாசலில் நிற்கிறது. காலை எட்டரை மணிக்கு, அலுவலக உடையில் இருப்பவரைப் பார்த்து, 'டிக்' என்று ஓர் ஒலி மட்டும் எழுப்புகிறது. அந்த ஒலிக்கு உரை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பரப்பு, ரேடியேட்டர் வைத்த வண்டிகளோடு நிறுத்திக்கொள்ளப்படுகிறது. 2008இல் யமஹா ஆர்15, 2012இல் கேடிஎம் டியூக் 200, பல்சர் 200 என்எஸ் என்று இவ்வினம் நம் தெருக்களில் பெருகியது. அதன்பின் இரண்டு அரசாணைகள் இத்துறையின் போக்கையே மாற்றின. 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் ஹெட்லைட் இன்ஜின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றாயிற்று. எதிரே வருபவர்கள் கையை விரித்து மூடி, "லைட் எரியுது" என்று சைகை காட்டி ஓய்ந்த வரலாறு தனி ஆய்வுக்குரியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தது, பெட்ரோலைப் பீய்ச்சும் வேலையும் மின்சாரத்தின் தலையில் விழுந்தது, பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. அதாவது, பேட்டரி படுத்தால் உதைத்து எழுப்பும் உரிமையும் குடிமக்களிடமிருந்து பறிபோயிற்று.

2. முன்னாய்வுகள்

இத்துறையில் மூன்று கொள்கையினர் உளர்.

முதலாமவர் பேட்டரிவாதிகள். எண்ணிக்கையில் பெரும்பான்மையினர். "உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது பேட்டரியாலே" என்பது இவர்தம் துணிபு. இவர்களுடைய வாதமுறைக்கு ஒரு சான்று:

"அண்ணே, பேட்டரி போயிடுச்சுண்ணே."

"தையிலதானப்பா புதுசு போட்டேன்?"

"அப்ப டூப்ளிகேட்டா இருக்கும்ணே. நல்லதா ஒண்ணு போட்டுடலாம்."

இதில் கவனிக்கத்தக்கது, எதிர்வாதமே அடுத்த பேட்டரிக்கான சான்றாக மாறிவிடுவது. எந்தத் தருக்க நூலிலும் இதற்கு மறுப்பு இல்லை.

இரண்டாமவர் வயரிங்வாதிகள். "எங்கயோ ஷார்ட் ஆவுது சார்" என்பார்கள். எங்கே என்று கேட்பது இவர்கள் மரபில் அநாகரிகம். மூன்றாமவர் இயல்புவாதிகள்: "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான்." இவர்கள் கூலி வாங்குவதில்லை, பெரும்பாலும் பக்கத்து வீட்டில் குடியிருப்பார்கள்.

மூவருக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. யாரிடமும் மல்டிமீட்டர் இல்லை.

3. கருதுகோள்

1831இல் மைக்கேல் ஃபாரடே, காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே செம்புத் தகட்டைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார். சுழற்சி வேகமானால் மின்சாரம் கூடும், மெதுவானால் குறையும். பைக்கின் இடப்பக்க மூடிக்குள் நடப்பதும் இதுவே. கிராங்கோடு சேர்ந்து காந்தச் சக்கரம் சுழல்கிறது. அதனுள்ளே அசையாமல் இருக்கிறது மேக்னட் காயில். அது தருவது மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக்கி, பதினாலரை வோல்ட்டுக்குமேல் போகாமல் பிடித்துவைப்பது ஆர்.ஆர். யூனிட். மிச்சத்தை வாங்கிச் சேமிப்பது பேட்டரி. 1859இல் கஸ்தோன் பிளான்தே செய்த ஈயமும் அமிலமும்தான் இன்றும் பெரும்பாலான சீட்டுகளின் அடியில் இருக்கின்றன.

இனி, மே மாதப் பிற்பகலில் கிண்டிப் பக்கம் ஒரு சிக்னலில் இவ்வண்டியை நிறுத்துக. இன்ஜின் ஐடிலில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று. காயிலின் வரவு மிகக் குறைவு. வண்டி நகராததால் ரேடியேட்டருக்குக் காற்றும் இல்லை. கூலன்ட் சூடேறி நூறு டிகிரியைத் தாண்டும் சமயம் விசிறி எழுந்து இரண்டு மூன்று ஆம்பியர் கேட்கிறது. ஹாலஜன் ஹெட்லைட் 35 வாட், சட்டப்படி எரிகிறது. பிரேக்கில் கால் வைத்திருப்பதால் பின்னால் 21 வாட். பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டர் பெட்டியும் தத்தம் பங்கைக் கேட்கின்றன. இதற்குமேல் உரிமையாளர் ஆசைப்பட்டு மாட்டிய ஃபாக் லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 20 வாட் என்றால், அதுமட்டும் மூன்று ஆம்பியருக்குமேல்.

ஆக, வரவு அடிமட்டத்தில் இருக்கும் அதே நிமிடத்தில் செலவு உச்சிக்குப் போகிறது. பற்றாக்குறையைப் பேட்டரி கொடுக்கிறது. பேட்டரி தளர்ந்தால் வோல்ட் இறங்கும். வோல்ட் இறங்கினால் விசிறி சோம்பும். விசிறி சோம்பினால் சூடு ஏறும். காற்றில்லாத அச்சூட்டில் ஆர்.ஆரும் வேகும். எனவே இவ்வாய்வின் கருதுகோள்: "சார்ஜ் ஏறலை", "ஃபேன் சரியில்லை" என்னும் இரு புகார்களும் பல நேரம் ஒரே குடும்பச் சண்டை, பேட்டரி அதில் குற்றவாளியன்று, கண்கண்ட சாட்சி. நம் வழக்கமோ முதலில் சாட்சியைத் தூக்கில் போடுவது.

இவ்வுண்மை முன்னோர் அறியாததன்று. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டின் ஹெட்லைட்டுக்குமேல் சிறிய அம்மீட்டர் ஒன்று இருந்தது. நிற்கும் வண்டியில் லைட்டைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாயும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் கூட்டல் பக்கம் எழும். வரவு செலவுக் கணக்கை ஓட்டுபவர் கண்ணெதிரே வைத்த நேர்மையான கருவி அது. இன்றைய வண்டித்திரை யார் போன் பண்ணுகிறார் என்று காட்டுகிறது.

4. முதல் அளவை: காட்சி

காட்சி, கருதல், உரை என்று அளவைகள் மூன்றாகச் சுருக்கிச் சொல்லப்படும். இவற்றுள் முதலது ஐம்பொறியால் அறிவது. ஆகவே எதையும் வாங்குமுன் சீட்டைக் கழற்றுக.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால், வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவி, போல்ட்டை இறுக்குக. பேட்டரி எர்த் வயர் ஃபிரேமில் சேரும் இடத்தையும் அவ்வாறே செய்க. பிறகு காயிலிலிருந்து வரும் மூன்று வயர்களின் கப்ளரைத் தேடுக. பெரும்பாலும் மூன்றும் மஞ்சள். கப்ளரைப் பிரித்ததும் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் மட்டும் கறுத்து, வயரின் மேல்தோல் உருகிச் சுருண்டிருக்குமானால், ஆய்வின் பாதி அங்கேயே முடிந்தது. தளர்ந்த பின் சூடாகும். சூடான பின் மேலும் தளரும்.

மல்டிமீட்டர் கண்ணின் நீட்சியாதலால் அதுவும் காட்சியுள் அடங்கும். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று.

ஒன்று: வண்டி சில மணிநேரம் நின்றபின், சாவி போடாமல், பேட்டரியில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருந்தால் நிறைவயிறு. 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் கால்வயிறுதான்.

இரண்டு: செல்ஃப் பட்டனை அழுத்தும்போது பத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 12.6 காட்டிய பேட்டரி அழுத்தியதும் எட்டுக்கு விழுந்தால், பேட்டரிவாதிகள் சொல்வது அன்று உண்மை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்று: ஸ்டார்ட் செய்து 4,000, 5,000 சுற்று வரை ரேஸ் பண்ணும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையே நிற்க வேண்டும். ரேஸ் பண்ணியும் 12.5லேயே கிடந்து மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ஏறுகிறது, கட்டுப்பாடில்லாமல் ஏறுகிறது. பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவதும் பேட்டரி வயிறு உப்புவதும் இதன் பின்விளைவுகள்.

5. இரண்டாம் அளவை: கருதல்

மலைமேல் புகை கண்டு தீயுண்டு என்று துணிவது கருதல் அளவைக்குப் பழைய எடுத்துக்காட்டு. ரேடியேட்டர் மேல் புகை கண்டு தீயுண்டு என்று துணிந்து பக்கெட்டோடு ஓடி வந்தவர்களால் இவ்வெடுத்துக்காட்டின் போதாமை நிறுவப்பட்டுள்ளது. அங்கே எழுவது ஆவி. அது உணர்த்துவது தீயன்று, கூலன்ட் கொதித்து வெளியேறுவது. அந்நேரத்தில் மூடியைத் திறப்பவர் கருதலிலிருந்து நேரே காட்சிக்கு வந்துவிடுவார், முகத்தில். அழுத்தத்தில் அடைபட்ட நீர்மம் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே பொங்கும். ஆறும்வரை தொடற்க.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தபின், குற்றம் காயிலிலா ஆர்.ஆரிலா என்பது அடுத்த வினா. கப்ளரைப் பிரித்து, காயில் பக்கத்து மூன்று பின்களை இரண்டிரண்டாக ஓம்மீட்டரில் வைத்துப் பார்க்க, மூன்று இணைகளும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். எந்தப் பின்னுக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் காயிலின் வார்னிஷ் எரிந்து எர்த் அடிக்கிறது. பிறகு வண்டியை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அதே மூன்று இணைகளைப் பார்க்க. ரேஸ் பண்ணப் பண்ண எண் ஏற வேண்டும். மூன்றும் சமமாக ஏற வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் காயில் போயிற்று. மூன்றும் சமம், வயரிங்கும் எர்த்தும் சுத்தம், பேட்டரியில் மட்டும் வோல்ட் ஏறவில்லை என்றால் ஆர்.ஆர். போயிற்று.

இங்கே ஆர்.ஆரின் மனப்போக்கு பற்றி ஒரு சொல். பல வண்டிகளில் உள்ள ஷன்ட் வகை ஆர்.ஆர். காயிலைச் சும்மா இருக்க விடாது. மோட்டாரை நிறுத்தாமலே, நிரம்பியபின் வரும் தண்ணீரைக் குழாய் வழியே கீழே வழியவிடும் மாடித் தொட்டி போன்றது அது. வண்டிக்கு வேண்டாத மின்சாரத்தை அங்கேயே குறுக்கிணைத்துச் சூடாக்கி விடுகிறது. ஆகவே "பாவம், காயிலுக்கு ரெஸ்ட் கொடுப்போம்" என்று லைட்டை அணைப்பதற்கு ஒரு ஸ்விட்ச் தேடிப் புதுப்பேட்டைக்கு அலைபவர், காயிலுக்கு ஓய்வு தரவில்லை, ஆர்.ஆருக்குக் கூடுதல் வேலைதான் தருகிறார். அதன் உடம்பில் வரிவரியாக இருப்பவை அலங்காரமல்ல, காற்றுக்காக. அதன்மேல் ரெயின்கோட்டைச் சுருட்டிச் செருகிவைப்போர் இவ்வாய்வின் தனிக் கவனத்துக்கு உரியவர்கள்.

6. விசிறி இயல்

விசிறி சுற்றுவதால்தான் வண்டி சூடாகிறது என்றொரு கருத்து உண்டு. அது எழும்போதெல்லாம் முழங்காலில் அனல் அடிப்பதே இதற்குச் சான்றாகக் காட்டப்படும். மழை பெய்யக் காரணம் குடை என்பாரோடு வாதிடுதல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆனால் ஒரு வினாவால் பாதிச் சிக்கலை அறுக்கலாம். வண்டி எங்கே சூடாகிறது? பைபாஸில் அறுபதில் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் புகும். விசிறிக்கு அங்கே வேலையில்லை. அங்கும் சூடேறினால் விசிறி நிரபராதி. கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு, மண்ணும் பூச்சியும் அடைத்த ரேடியேட்டர் வரிகள் ஆகியவற்றை விசாரிக்க. கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீர் ஊற்றிய வண்டியானால், உள்ளே உப்புப் படிந்திருக்கும்; சென்னைவாசிகள் தங்கள் வீட்டு ஷவரை நினைவுகூர்க. நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறியைப் பிடிக்க.

விசிறியின் கப்ளரைக் கழற்றி, இரண்டு வயரால் நேரே பேட்டரியில் கொடுத்துப் பார்க்க. சுற்றவில்லை என்றால் மோட்டார் போயிற்று. சுற்றினால் விசிறி நலம். ஃபியூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் போக. வெப்ப ஸ்விட்ச் வைத்த வண்டியில் அதன் இரண்டு வயரையும் சிறு கம்பியால் இணைத்து, சாவி போட்டால் விசிறி சுற்ற வேண்டும்; சுற்றினால் ஸ்விட்ச்தான் குற்றவாளி.

இன்னொரு வகை நோய் உண்டு, அறிஞரையும் ஏய்ப்பது. விசிறி சுற்றுகிறது, ஓசை கேட்கிறது, ஆனாலும் சூடு அடங்கவில்லை. இங்கே வேண்டிய கருவி ஒரு பழைய பஸ் டிக்கெட். விசிறி சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் அதை நீட்டுக. பின்னால் விசிறி வைத்த வண்டியில் அது காற்றை முன்னிருந்து உள்ளிழுக்கும். டிக்கெட் போய் வரிகளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எதிரே தள்ளிப் பறந்தால், போன முறை வேலை பார்த்தவர் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார். விசிறி தலைகீழாகச் சுற்றி, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

7. மூன்றாம் அளவை: உரை

உரை அளவை, சொல்பவர் நம்பத்தக்கவராக இருந்தால் மட்டுமே செல்லும். இத்துறையில் நம்பத்தக்க உரைகள் இரண்டு. ஒன்று, வண்டியின் சர்வீஸ் மேனுவல். காயிலின் ஓமும் விசிறி எழும் டிகிரியும் மாடலுக்கு மாடல் மாறுமாதலால் கடைசித் தீர்ப்பு அதனுடையதே. மற்றொன்று, பேசுமுன் மீட்டரை எடுக்கும் மெக்கானிக். அவர் கடையில் கூட்டம் இருக்கும், காத்திருக்க. "ஹாரன் அடிங்க பாப்போம்" என்பதோடு ஆய்வை முடித்துக்கொள்பவர் உரை, உரையாகாது. ஹாரன் கேட்பது கணநேர மின்சாரம்; கால்வயிற்றுப் பேட்டரியும் அதற்கு வாய் திறக்கும்.

8. முடிபுகள்

சார்ஜ் கோளாறையும் விசிறிக் கோளாறையும் தனித்தனியே விசாரித்தல் தகாது. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றாமல் மற்றவற்றைச் சோதித்தலும் தகாது. ஃபாக் லைட் மாட்டுமுன் வரவு செலவு பார்க்காதவர் சிக்னலில் பார்ப்பார். ஆர்.ஆரை மாற்றுபவர், கறுத்த கப்ளரையும் சேர்த்து மாற்றாவிட்டால், மீண்டும் மாற்றுவார்.

இவ்வளவுக்குப் பின்னும் பேட்டரியைத்தான் மாற்றுவேன் என்பார்க்கு ஒரு பரிந்துரை உண்டு. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம். வெளியே சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்து, காலையில் மீட்டரில் பாருங்கள். செல்ஃப் அழுத்தியும் பாருங்கள். 12.6 நின்று, பத்துக்கு மேலும் தாங்கினால், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதியது படுக்கும்போது உதவும்.