திறப்புவிழாக்காரர்

சிக்னலில் சிவப்பு. மழை. பத்து கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்பதில் வைப்பர் ஆடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் காய்ந்த உடம்போடு ரேடியோ கேட்கிறார்கள். பத்தாவதுக்கு மட்டும் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. கூரை இருக்கிறது, மடித்து முதுகுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். கம்பளித் தொப்பி, தோல் கையுறை, மூக்கு நுனியில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் ஒரு சொட்டு. பக்கத்துக் காரிலிருந்து ஒரு குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறது. அவர் கண் சிக்னலை விட்டு அசையவில்லை.

இங்கிலாந்தில் ஒரு குளிர்காலமாவது கழித்தவர்களுக்கு இந்தத் திறப்புவிழாக்காரரைத் தெரியாமல் இருக்காது. வெயில் காலத்தில் கூரை திறந்து ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர். அவர்களை இவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நவம்பரில் வண்டியைத் துடைத்து, வரி கட்டாமல் இருக்கச் சாலையில் ஓடாத வண்டி என்று அரசுக்கு எழுதிக் கொடுத்து, மார்ச் வரை கராஜில் பூட்டி வைக்கிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், வீட்டில் பெரியவர்களைப் பட்டினி போட்டவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் மழை உள்ளே விழாது. முன்கண்ணாடியின் சரிவில் ஏறும் காற்று துளிகளையும் வாரிக்கொண்டு தலைக்கு மேலேயே போய்விடும். எண் ஆளுக்கு ஆள் மாறும், இவருடையது 45. இதில் எரிச்சலூட்டும் விஷயம், சித்தாந்தம் உண்மை என்பதுதான். திறந்த சாலையில், சீரான வேகத்தில், மிதமான மழையில் உண்மையிலேயே நனைய மாட்டோம். முழங்கை ஓரம் மட்டும் ஈரமாகும். இருக்கைகளுக்குப் பின்னால் சுழன்று திரும்பும் காற்று பிடரியைத் தடவும். ஒரு லாரி எதிரே வந்தால் சக்கரத்தடியிலிருந்து கிளம்பும் சேற்றுநீருக்குச் சித்தாந்தம் தெரியாது. மற்றபடி எல்லாம் சரி.

ஆனால் 45 மைலில் எங்கே போவது? லண்டனில் பாதித் தெருக்களில் 20 மைல்தான் உச்சவரம்பு. வேல்ஸுக்கு ஓடலாம் என்றால், அங்கேயும் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் ஓடும் சாலைகளுக்கு 20 என்று சட்டம் போட்டுவிட்டார்கள். எம்25 இருக்கிறதே, லண்டனைச் சுற்றி 117 மைல் நீளத்துக்கு? இருக்கிறது. மழை பெய்தால் நெரிசல். நெரிசல் என்றால் தலைக்கு மேலே மின்பலகையில் சிவப்பு வளையத்துக்குள் 40 என்று எரியும். சித்தாந்தத்துக்கு ஐந்து மைல் குறைகிறது. அந்த ஐந்து மைலில்தான் ஆள் தொப்பலாகிறார்.

அதுவும் தனியாக நனைவதில்லை, துணை சேர்த்துக்கொள்கிறார். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவர் இதற்கு வாய்த்தார். அவர் யாரென்று கேட்க வேண்டாம். இதை எழுதி முடிக்கும்போதும் அவருக்குத் தும்மல் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ரயில் ஓடாத ஒரு டிசம்பர் வியாழக்கிழமை. ஸ்லவிலிருந்து ஹேரோவுக்கு. மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் நாட்கள். வெளியே மூன்று டிகிரி. இந்த மூன்று டிகிரியை ஆங்கிலேயர் "கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்பார், கொத்தமல்லியைச் சொல்வதுபோல. ஹீட்டரை முழுக்கத் திருகி, காற்றைக் காலுக்குத் திருப்பிவிட்டார் திறப்புவிழாக்காரர். கணுக்காலில் சித்திரை, கழுத்தில் மார்கழி. தூறல் தொடங்கியது.

"மூடலாமா?" என்றார் சென்னைக்காரர்.

"சும்மா தூறல்தான். வேகம் எடுத்தா நிக்கும்."

வேகம் எடுக்கவில்லை. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். மழை மட்டும் வேகம் எடுத்தது. சென்னைக்காரர் மடியில் இருந்த லேப்டாப் பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார், கைக்குழந்தையை மறைப்பதுபோல. சீட் பெல்ட்டின் மடிப்பில் தண்ணீர் சேர்ந்து, நிரம்பி, சரியாகத் தொடையின் மேல் வழிந்தது. கூரையை முன்னால் இழுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கிகளை மாட்டினால் முடிந்தது வேலை. சிக்னலில் நிற்கிற நேரம் தாராளம். இது சென்னைக்காரருக்கும் தெரியும். ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அலுவலக வாசலில் அவர் கண்ணெதிரேதான் அந்த இரண்டு கொக்கிகளையும் தளர்த்தி, ஒற்றைக் கையால் கூரையைப் பின்னால் தள்ளி, "எவ்வளவு சுலபம் பாத்தீங்களா" என்று காட்டியிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாராம். "காருலயா வந்தீங்க? ஊர்ல ஆட்டோல வந்திருந்தாக்கூட மேல ஒரு ரெக்சின் இருந்திருக்குமே."

நியாயமான கேள்வி. சென்னையில் முதல் துளி விழுந்ததுமே ஆட்டோக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்துப் படுதாவை இறக்கிவிடுவார். அங்கே மழை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, லண்டனில் 600தான். ஆனால் சென்னை மழை நாலைந்து நாள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. லண்டன் மழை அந்தக் கொஞ்சத்தை நூறு நாளுக்கு மேல் இழுக்கிறது, கடன்காரருக்குத் தவணை கட்டுவதுபோல. ஒவ்வொரு தவணையும் "சும்மா தூறல்தான்" என்று சொல்லத் தோதான அளவில் விழுகிறது. திறப்புவிழாக்காரர்கள் இந்த நாட்டில் இத்தனை பேர் விளைவதற்குத் தட்பவெப்பமும் உடந்தை.

சரி, ஏன் மூட மாட்டேன் என்கிறார்? வீரம் என்று முதலில் தோன்றும். தோண்டிப் பார்த்தால் காரணம் வேறு. துணிக்கூரையை ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது. வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மடிப்பில் கறை விழும். ஆகவே கூரை நனையக் கூடாது. மழையில் மூடினால் கூரை நனையும். ஆகவே மழையில் மூடக் கூடாது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்கு வந்த வாழ்வு, அடைமழையில் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறது. புதுச் செருப்பு தேயும் என்று கையில் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டில் போனவர்களின் பரம்பரை.

பரம்பரை என்று சொன்னது சும்மாவும் இல்லை. 1950களின் ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களில் கூரை என்பது ஒரு கூடாரம். 1955இல் வந்த எம்ஜி-ஏ வண்டிக்குக் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிகூடக் கிடையாது. மழை வந்தால் பக்கத் தட்டிகளை எடுத்து மாட்ட வேண்டும். நிறுத்தி, துணியை விரித்து, பித்தான்களைப் பொருத்தி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். அப்படியே மாட்டினாலும் ஒழுகும். திறந்தே ஓட்டுவதில் அந்தக் காலத்தில் ஓர் அறிவு இருந்தது. பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பழைய ஆங்கில வண்டிகளைப் போல எளிமையாக ஒன்று செய்யுங்களேன் என்று மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்ன பேச்சு, பத்து வருஷம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 ஆக வந்து நின்றது. ஆங்கில வண்டியின் குதூகலம் எல்லாம் உண்டு. கூடவே ஒழுகாத கூரை, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மூடலாம். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலும் போய், பனி உருக்கும் கம்பி ஓடும் கண்ணாடி வந்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. ஓர் இனமே ஐம்பது வருஷம் நனைந்ததற்கு மருந்து கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம்மவர் 2001ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5ஐ வாங்கி, மருந்தை மடித்துப் பின்னால் வைத்துவிட்டு நனைகிறார்.

மற்ற பழக்கங்கள் சில்லறை. எதிரே இன்னொரு திறந்த கூரை வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் எழும்பும். முதலில் பார்த்தபோது சென்னைக்காரர் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்தார். மூடிய கூரையோடு வருகிறவருக்கு விரல் கிடையாது.

வண்டியைப் பார்த்துக்கொள்வதில் குறை சொல்ல முடியாது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும் என்று அக்டோபர் கடைசியிலேயே குளிர்கால டயர் மாட்டிவிடுவார். சட்டம் கேட்கவில்லை, இவராகச் செய்கிறார். பின்சக்கரம் தள்ளும் வண்டி, ஈர ரவுண்டானாவில் அவசரப்பட்டால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும் என்பது தெரியும். பனி நாட்களில் மாநகராட்சி லாரிகள் சாலையில் உப்பு தூவும்; பெரும்பங்கு செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் வெட்டும் பழுப்புக் கல்லுப்பு. அந்த உப்பு வண்டியின் அடியில் ஒட்டினால் துருதான். உப்புச் சாலையில் போய்வந்த ஒவ்வொரு தடவையும் விரல் விறைக்க விறைக்கக் குழாயைப் பிடித்து அடிப்பக்கத்தைக் கழுவுவார். கூரைத் துணிக்கு வெதுவெதுப்பான நீர், மெல்லிய பிரஷ். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் கிட்டேயே வரக் கூடாது, தையல் விட்டுப்போகும். காய்ந்ததும் நீர் ஒட்டாத மருந்து இரண்டு பூச்சு. இருக்கைக்கு அடியில் ஈரத்தை உறிஞ்சப் பழைய காலுறையில் பூனை மணலைக் கட்டிப் போட்டிருக்கிறார். வீட்டில் பூனை கிடையாது. ராத்திரியில் வண்டிக்கு மூச்சுவிடும் துணியில் தைத்த போர்வை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனாவது குளிரில் நடுங்கிய உயிருக்குக் கொடுத்தார்.

இங்கேதான் வயிறு எரிகிறது. தன் உடம்பை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். பக்கத்து இருக்கையில் இருப்பதும் ஓர் உடம்பு. அதற்கும் தையல் விடும், ஈரம் தங்கினால் சளி பிடிக்கும். "குளிருதா?" என்று கேட்கிறார், உண்மைதான். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டியது ஓசிச் சவாரி செய்கிறவரின் கடமை என்பது கேட்கிறவருக்கும் தெரியும். கூரைத் துணியிடம் காட்டுகிற அக்கறையில் கால்வாசி போதும். கொக்கி இரண்டுதான்.

இதையெல்லாம் சொல்லிவிடுவது என்று ஒரு சனிக்கிழமை சென்னைக்காரர் அவர் வீட்டுக்கே போனார். போன நேரம், வடிகால் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால், பெல்ட் கிளம்பும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைகள். கூரையில் வழியும் மழைநீர் இவற்றில் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்கோ கதவடிச் சட்டத்துக்குள்ளோ போய்த் தேங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வருடாந்தரச் சோதனையில் வண்டி விழுவது அங்கேதான். திரைச்சீலை மாட்டும் பிளாஸ்டிக் சுற்றிய கம்பியைத் துளைக்குள் விட்டு, மருத்துவர் குழாய் செருகுவதுபோல, கண்ணை மூடி விரல் நுனியால் கேட்டுக்கொண்டிருந்தார். கறுப்பாக ஒரு கவளம் இலைச்சக்கை வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"நீங்க கீழ பாருங்க, நான் ஊத்தறேன்" என்றார்.

சொல்ல வந்ததைச் சொல்வதற்குப் பதிலாகச் சென்னைக்காரர் ஈரத்தரையில் முட்டி போட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தார். மேலே குவளையிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டு. பிறகு கயிறு மாதிரி ஒரு தாரை, சக்கரத்துக்கு முன்னால், தெளிவாக.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று தமிழில் கத்தினார். திறப்புவிழாக்காரருக்குப் புரிந்துவிட்டது.

தேநீர் குடித்து முடித்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. ஒரு சுற்று போய்வரலாம், அப்படியே வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று கொக்கியில் கை வைத்தார். அதோ பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுச் சென்னைக்காரர் நிறுத்தத்துக்கு ஓடினார். மாடிக்கு ஏறி, முன்வரிசையில், பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது சிக்னலில் பஸ் நின்றது. குனிந்து பார்த்தால் பக்கத்து வரிசையில், நேர் கீழே, கம்பளித் தொப்பி. மழை வலுத்துவிட்டது. இப்போதுதான் துடைத்த இருக்கை, காலியாக இருந்த இடப்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. கண் சிக்னலில்தான் இருந்தது. என்ன தோன்றியதோ, தலையை நிமிர்த்தி, முகமெல்லாம் மழையோடு மேலே பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார்.

கண்ணாடிக்குப் பின்னால் சென்னைக்காரரும் இரண்டு விரலைத் தூக்கினார். பச்சை விழுந்தது.